ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசை

முதல் தடவை அந்த ஹோட்டலுக்குப் போனபோது என் கைப்பையில் இரண்டு உருண்டைப் பஞ்சு இருந்தது.

சிவகாசியில், சாத்தூர் ரோட்டில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஹோட்டல் அது. தை மாதம் பிறந்ததும் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டோடு லைவ் மியூசிக். என் கணவர் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவர். வாரம் முழுக்க மெஷின் இரைச்சலில் நிற்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஆசை. எனக்கு ஸ்பீக்கரைப் பற்றிய கவலை. குழந்தையின் காது எவ்வளவு சத்தம் தாங்கும் என்று முந்தின நாளே போனில் தேடிப் படித்தேன். பாதி பயமுறுத்தியது, மீதி புரியவில்லை. அதனால்தான் பஞ்சு.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். உட்கார்ந்ததுமே அவளுடைய இரண்டு காதிலும் பஞ்சை வைத்தேன். கணவர் சிரித்தார்.

"வேட்டுச் சத்தத்துல பெறந்த பிள்ளைக்குப் பாட்டுக்குப் பஞ்சா?"

"இருக்கட்டுங்க."

"அப்ப எனக்கும் ரெண்டு வை. பாடுறவுக எப்படின்னு தெரியல."

மகள் பஞ்சைப் பிடுங்கவில்லை. வைத்ததே தெரியாததுபோல அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கும் தொந்தரவு செய்யாத பிள்ளை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஹோட்டல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட நீளமான கூடம், ஒரு கோடியில் முழங்கால் உயரத்துக்குப் பலகை மேடை. கீபோர்டு வாசிக்க ஒருவர், தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேட் அடிக்க ஒருவர், பாட ஓர் அண்ணனும் ஓர் அக்காவும். அந்த அக்கா மற்ற நாட்களில் கல்யாணப் பத்திரிகைக் கடையில் மாடல் எடுத்துக் காட்டுகிற வேலையில் இருந்தார். விருப்பப் பாட்டை எழுதிக் கொடுக்க ஒவ்வொரு மேசையிலும் சீட்டுக் கட்டு வைத்திருந்தார்கள். பிரஸ்ஸில் கழித்துப் போட்ட தினக் காலண்டர் தாள்கள்தான் அவை. முன்பக்கம் தேதியும் ராசிபலனும், பின்பக்கம் வெறுமை. அந்த அக்கா சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பி முன்பக்கத்தையும் மைக்கில் படிப்பார்.

"ஏழாம் நம்பர் டேபிள்ல பழைய பாட்டு கேட்டுருக்காக. அண்ணே, உங்களுக்கு ராசி என்ன? கன்னியா? அலைச்சல்னு போட்டுருக்கு. இந்தப் பாட்டோட வீட்டுக்குப் போயிருங்க."

கூடமே சிரிக்கும். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தேன். அவள் எங்கள் வாய்களைப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள்.

அப்போதே எனக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒன்றரை வயதில் அவளுக்கு வார்த்தை என்று எதுவும் வரவில்லை. 'ம்மா' என்று ஒரு சத்தம் வரும். அது என்னைக் கூப்பிடுவதா, உதடு ஒட்டிப் பிரிவதா என்று என்னால் சொல்ல முடியாது. கேட்டவர்கள் எல்லோருமே ஆறுதல் சொன்னார்கள். எங்க வீட்டுக்காரரு நாலு வயசுலதான் பேசுனாரு, இப்ப வாய மூட மாட்டேங்காரு என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. நான் கணக்குப் படித்தவள், பி.எட். முடித்தவள். விருதுநகரில் ஒரு பள்ளியில் இரண்டு வருஷம் பாடம் எடுத்தேன், பிள்ளைக்காக விட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை விடை எழுதாமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு உடனே தெரியும். வீட்டில் மட்டும் எனக்கு எதுவும் உறுதியாகத் தெரியவில்லை.

காது கேட்கவில்லையோ என்று நினைப்பேன். உடனே, அப்படி நினைப்பதே பிள்ளைக்குக் கெடுதல் என்று தோன்றும். சமையலறையில் நின்று அவள் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போடுவேன். திரும்பிவிடுவாள். நிம்மதியாக இருக்கும். அன்று மாலையே, என் நிழல் அசைந்ததைப் பார்த்துத் திரும்பினாளோ, தரை அதிர்ந்ததால் திரும்பினாளோ என்று சந்தேகம் வரும். மறுநாள் கட்டில்மேல் நின்றுகொண்டு, நிழல் விழாத பக்கத்திலிருந்து கை தட்டுவேன். திரும்ப மாட்டாள். விளையாட்டு மும்முரத்தில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் கணவர் பார்த்துவிட்டார்.

"என்ன பண்ற?"

"சும்மா."

"டீச்சர் வேலைய விட்டும் பரீட்சை வைக்கிறத விடலயா நீ? அவ நல்லாத்தான் இருக்கா. நீ சோதிச்சு சோதிச்சு அவள மெரள வச்சிராத."

மிரள வைக்க முடிந்தால் எனக்கு அதுவே போதும் என்றிருந்தது.

வேறு ஊராக இருந்தால் முன்னாடியே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு பெரிய சத்தத்துக்குக் குழந்தை திடுக்கிடவில்லை என்றால் எந்த ஊரிலும் கேள்வி வரும். எங்கள் ஊரில் அது பெருமை. முதல் தீபாவளிக்கு அவள் இரண்டு மாதக் குழந்தை. வாசலில் நீளச் சரம் கொளுத்தினார்கள். தெருவில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் வீறிட்டன. இவள் தொட்டிலில் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினாள். என் மாமியார் இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டியவர், முட்டி வலியால் வேலையை விட்டவர். அவர் தெருவையே கூப்பிட்டுக் காட்டினார்.

"வந்து பாருங்க. கண்ணு முழிக்கல. நம்ம பிள்ளை வேட்டுக்கு மெரளுமா?"

அந்தத் தூக்கத்தை நான் வீடியோ எடுத்தேன். சரம் வெடிக்கிற சத்தத்தோடு அதை ஸ்டேட்டஸில் வைத்தேன். கீழே 'சிவகாசிப் பொண்ணு' என்று எழுதினேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். படித்தவள்தான் நானும்.

இதற்கு நடுவில் அந்த ஹோட்டலில் ஒன்று நடந்தது. மூன்றாவது ஞாயிறோ நான்காவது ஞாயிறோ, மற்ற மேசைகள் நிறைந்துவிட்டதால் ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசைதான் கிடைத்தது. நான் பஞ்சோடு தயாராக இருந்தேன். அதற்குள் மகள் இறங்கி நடந்துபோய், தன் உயரத்துக்கு இருந்த ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு முழங்காலை மடக்கி மடக்கி ஆடினாள். தாளத்துக்குச் சரியாக ஆடினாள். பாட்டு நின்றதும் நின்றாள். தொடங்கியதும் தொடங்கினாள்.

"அடேயப்பா, தாளம் தப்பல" என்றார் கீபோர்டு வாசிக்கிறவர்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கேட்கிறது. என் பிள்ளைக்குக் கேட்கிறது. தாளம் போட்டு ஆடுகிற பிள்ளைக்குக் கேட்காமல் எப்படி இருக்கும்? அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பஞ்சைக் குப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விடாமல் என் கணவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டரைக்கே போய் அந்த மேசையைப் பிடிப்பேன். எனக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவர் நினைத்தார். நான் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. அவள் கையையும் முழங்காலையும் பார்த்துக்கொண்டிருப்பேன். வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு அந்த அத்தாட்சி தேவைப்பட்டது. திங்கட்கிழமை வரை தாங்கும். செவ்வாய்க்கிழமை மறுபடி டம்ளரைக் கையில் எடுப்பேன்.

ஒரு தடவை இடைவேளையில் அந்த அக்கா எங்கள் மேசைக்கு வந்தார். மகளுக்கு முதுகுப் பக்கமாக நின்று, "பாப்பா, பாப்பா" என்று பாட்டாகவே கூப்பிட்டார். அவள் வெள்ளரித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"எம்மேல என்ன கோவம் உங்க பாப்பாவுக்கு? பேட் அடிக்கிற அண்ணன் கையவே பாக்கா. நான் எம்புட்டுக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கா."

"திங்கும்போது யாரையும் கண்டுக்க மாட்டாக்கா" என்றேன். சிரித்துத்தான் சொன்னேன். அந்த அக்கா போனபிறகு தண்ணீர் டம்ளரை எடுத்தேன், குடிக்காமலே வைத்தேன். பேட் அடிக்கிறவர் கை. ஸ்பீக்கரில் உள்ளங்கை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியாதா என்ன? சேர்த்துப் பார்க்க வேண்டாம் என்று இருந்தேன். அப்படி இன்னும் ஐந்து மாதம் இருந்தேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறு. பட்டாசுக்கு உச்ச சீசன். ஞாயிறு லீவு இல்லை. அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற என் நாத்தனார் காலையிலேயே வேன் ஏறிப் போயிருந்தார். அன்று மாமியாரும் எங்களோடு ஹோட்டலுக்கு வந்தார். அவரைக் கிளப்பிக் கூட்டிப்போக நேரமாகிவிட்டதால் என் மேசையில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கப் போய், என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். கூடத்தின் மறுகோடியில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இடம். குழந்தை நாற்காலியைச் சுவரைப் பார்க்கத்தான் போட முடிந்தது. மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள் மகள். அவள் தட்டில் புலாவிலிருந்து பட்டாணியை மட்டும் பொறுக்கிப் போட்டேன்.

வழக்கமாகப் பேட் அடிக்கிறவருக்கு அன்று ஏதோ விசேஷம். அவருக்குப் பதிலாக மதுரையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நன்றாகத்தான் அடித்தார். ஒரு குத்துப் பாட்டு முடிகிற இடத்தில், கடைசி அடியாக, பேட்டில் ஏற்றி வைத்திருந்த ஏதோ ஒரு சத்தத்தைத் தட்டினார்.

ஒரே அடி. தகரக் கூரை அதிர்ந்தது.

அந்த மாதிரிச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் கத்த மாட்டார்கள். பேச்சு நிற்கும். எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் நிமிரும். பிறகு வெளியே போய் வானத்தைப் பார்ப்போம், எந்தத் திசைக் கம்பெனியில் புகை என்று. பிறகு போன். எல்லோரும் ஒரே நேரத்தில் அடிப்பதால் யாருக்கும் லைன் கிடைக்காது. அன்றும் அதுதான் நடந்தது. சோற்றுக் கையோடு பாதிக் கூடம் எழுந்து வெளியே போனது. பரோட்டா மாஸ்டர் மாவுக் கையோடு அடுப்படியிலிருந்து வந்தார்.

"எந்தப் பக்கம்?"

"விஸ்வநத்தமா இருக்கும்."

"அங்கன பொகையக் காணமே. ஆனக்குட்டம் பக்கம் பாருங்க."

மாமியார் இடது கையால் போனை அமுக்கிக்கொண்டிருந்தார். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள், நாத்தனாரைக் கூப்பிட வழியில்லை. வாட்ச்மேனுடைய நம்பரைத்தான் அடிக்க வேண்டும். "போக மாட்டேங்குதே, போக மாட்டேங்குதே" என்று அவர் உதடு மட்டும் அசைந்தது.

மேடையில் அந்த மதுரைக்காரர் குச்சியைத் தூக்கியபடி நின்றார். மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, "சாரிங்க, சவுண்டு ஜாஸ்தியாயிருச்சா?" என்று கேட்டார்.

கல்லாவிலிருந்து முதலாளி மேடைக்குப் போனார். "தம்பி, அது நீ அடிச்சதா?"

"ஆமாண்ணே. இதுலதாண்ணே வச்சிருக்கேன். முடிவுக்கு ஒரு பன்ச்."

"எங்க ஊர்ல வந்து அதத் தட்டலாமாய்யா? பாதி டேபிள் ரோட்ல நிக்குது பாரு."

விஷயம் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு குரல், "ஏலே, வேட்டு செய்யிற ஊர்லயே வந்து நம்மள ஏமாத்திட்டாம்லே." இன்னொருவர், "அவுக ஊர்ல வெடின்னா அழகர் வாராருன்னு அர்த்தம். அவருக்கு என்ன தெரியும், பாவம்." சிரித்துக்கொண்டே எல்லோரும் உள்ளே வந்தார்கள். மாமியார் போனை மடியில் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. அந்தச் சத்தம் வந்த நொடியில் என் கண் மகள்மேல் இருந்தது. ஒரு பட்டாணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்திருந்தாள். அதை வாய்க்குக் கொண்டுபோனாள். அடுத்ததை எடுத்தாள். இமைகூட அசையவில்லை. பக்கத்து மேசைக் குழந்தை அலறியது, பின்னால் ஒரு குழந்தை அலறியது. நாற்காலிகள் நகர்ந்து ஆட்கள் அவள் பார்வைக்குள் வந்தபிறகுதான் தலையைத் தூக்கி, எல்லோரும் ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

மாமியார் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதியும் பெருமையும் சேர்ந்து வந்தன.

"பாத்தியாத்தா? ஊரே எந்திரிச்சு ஓடுது. எம்பேத்தி அசையலயே. எங்க ரத்தம்லா."

"அத்தை, அவளுக்குக் கேக்கல."

என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது. சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்வதுபோல.

"என்னத்தா சொல்ற?"

"அவளுக்குக் காது கேக்கல அத்தை. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்."

கணவர் ஸ்பூனையும் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து, மகளின் முதுகுப் பக்கமாகப் போய்த் தட்டின் விளிம்பில் தட்டினார். அவள் திரும்பவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினார். பிறகு இன்னும் பலமாக. பக்கத்து மேசைக்காரர்கள் சர்வரைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பார்த்தார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"போதுங்க."

ஸ்பூனைக் கீழே வைக்காமலே உட்கார்ந்தார். மேடையில் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.

அந்த வாரமே மாமியாரையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனோம். தூங்க வைத்துத்தான் காதுப் பரிசோதனையைச் செய்ய முடியும் என்றார்கள். மருந்து கொடுத்து என் மடியில் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டினார்கள். அந்தச் சின்ன அறையில் சத்தமே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் போய்க்கொண்டிருந்தன. கணக்கு டீச்சர் ஆயிற்றே, கோடு எங்கே எழும்புகிறது, எங்கே எழும்பவில்லை என்று நானே படிக்கப் பார்த்தேன். எழும்பாத இடங்கள் நிறைய இருந்தன.

இரண்டு காதிலும் குறை. ஒன்றில் அதிகம், ஒன்றில் கொஞ்சம் குறைவு. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கும் என்றார் டாக்டர். மெஷின் வைத்தால் கேட்கும், சீக்கிரம் வைக்க வேண்டும், பேச்சுப் பயிற்சியும் வேண்டும், இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம். கடைசிச் சொல்லை அவர் கடிந்து சொல்லவில்லை.

நான் ஒரு தாளில் கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வயிற்றில் இருக்கும்போது எனக்கு வந்த காய்ச்சலா? தீபாவளிச் சரமா? பஞ்சை ஆழமாக வைத்துவிட்டேனா? அந்த ஸ்பீக்கரா? டாக்டர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பஞ்சு இல்லை, சரம் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. காய்ச்சலைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நான் அந்தக் காய்ச்சலைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், திருமங்கலம் தாண்டியதும் மாமியார் என் பக்கம் திரும்பினார். மகள் அவர் மடியில் இருந்தாள்.

"நான் இருவது வருசம் வேட்டு மருந்துக்குள்ள கெடந்தேன். உம் புருசன் வயித்துல இருக்கும்போதும் போனேன். அது பிள்ளைக்குப் பிள்ளை வருமாத்தா?"

"அப்படியெல்லாம் இல்ல அத்தை."

"நீ டாக்டர்ட்ட கேட்டியா?"

நான் கேட்கவில்லை. என் தாளில் என்னைப் பற்றிய கேள்விகள் மட்டும்தான் இருந்தன. "கேட்டேன். இல்லன்னுட்டாரு" என்றேன். அந்தப் பொய் சரியா தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மாமியார் தலையை ஆட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மெஷின் வந்தது. ரோஸ் நிறத்தில், காதுக்குப் பின்னால் ஓர் அவரைக்கொட்டை அளவுக்கு. முதல் இரண்டு வாரம் வைத்த நிமிஷமே பிடுங்கி எறிவாள். ஒரு நாள் ஒன்றை அரிசி டப்பாவிலிருந்து எடுத்தோம். மாமியார் அவள் தலையைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டைத் துணி தைத்துக் கொடுத்தார். சரியாகப் பொருந்தாவிட்டால் மெஷினே கீச்சென்று விசிலடிக்கும். அந்த விசில் கேட்கும்போதெல்லாம், அவளுக்கு வலிக்கிறதோ, நான்தான் தப்பாக மாட்டினேனோ என்று ஓடுவேன். பயிற்சி டீச்சர், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள், வற்புறுத்த வேண்டாம் என்றார். எது கொஞ்சம், எது வற்புறுத்தல் என்று அவர் சொல்லவில்லை.

தை கடைசியில், மறுபடி அந்த ஹோட்டலுக்குப் போனோம். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. எல்லோரும்தான் போனோம், நாத்தனார் தவிர. அவருக்கு அந்த ஞாயிறும் வேலை. ஸ்பீக்கருக்குப் பக்கத்து மேசை காலியாக இருந்தது. மேடையில் பழைய பேட்காரரே இருந்தார். அவருடைய பேட்டில் ஒரு கட்டத்தின்மேல் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 'வெடி கூடாது' என்று எழுதியிருந்தது. முதலாளியே ஒட்டினாராம்.

என் மனதில் ஒரு காட்சி இருந்தது. பாட்டு தொடங்கும், அவள் முகம் மலரும், இந்தத் தடவை நிஜமாகவே. வீடியோ எடுக்கப் போனைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். பிறகு அந்தப் பழைய வீடியோ ஞாபகம் வந்து போனைப் பைக்குள் போட்டேன்.

பாட்டு தொடங்கியதும் மகள் அழுதாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்த அக்கா உடனே குரலைத் தாழ்த்தினார். சைகையில் ஸ்பீக்கரைக் குறைக்கச் சொன்னார். அப்படியும் அழுகை நிற்கவில்லை.

"கழட்டிரு. பிள்ளையப் போட்டுப் பாடாப் படுத்தாத" என்றார் கணவர்.

"இப்பதான போட்டோம். கொஞ்சம் பழகட்டும்."

"எதுக்குப் பழகணும்? அவளுக்குப் புடிச்ச ஒரே எடம் இது."

நான் கழற்றினேன். கழற்றியது தப்போ என்று நினைத்துக்கொண்டே கழற்றினேன். அவள் விசும்பல் அடங்கி, இறங்கி நடந்துபோய் ஸ்பீக்கரில் உள்ளங்கைகளை வைத்தாள். முழங்காலை மடக்கி ஆடத் தொடங்கினாள், பழையபடி. தாளம் தப்பவில்லை. மெஷின்கள் இரண்டும் என் உள்ளங்கையில் இருந்தன. இவ்வளவு சந்தோஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு அழுகையை மாட்டுகிறேனா என்று கேட்டுக்கொண்டேன். பதில் தெரியாமலே, இரண்டு பாட்டு முடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், வேப்ப மரத்தடியில் நின்று மறுபடி மாட்டினேன். அங்கே சத்தம் குறைவு. அவள் பிடுங்கவில்லை. நான் அவள் பெயரைச் சொன்னேன். திரும்பினாள். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. திரும்பினாள்.

அப்போது தூரத்தில் அது கேட்டது. பேட் இல்லை. கனமாக, தரையோடு வருகிற சத்தம்.

மகள் திரும்பினாள். நான் திரும்புவதற்கு முன்னால், என் முகத்தைப் பார்க்காமல், நிழலைப் பார்க்காமல், சத்தம் வந்த பக்கமே சரியாகத் திரும்பினாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து எழுத முடியாது. நெஞ்சு நிறைகிற சந்தோஷம். அவள் திரும்பியிருந்த திசை சாத்தூர்ப் பக்கம், அச்சங்குளம் அங்கேதான், நாத்தனார் அங்கேதான் என்பது அதற்கு அடுத்த நொடியில்தான் வந்தது. அந்த ஒரு நொடிக்காக என்னை நான் எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

உள்ளே பாட்டு நின்றது. நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். "எந்தப் பக்கம்?" என்று யாரோ கேட்டார்கள். மாமியார் என் பக்கத்தில் வந்து நின்று வாட்ச்மேன் நம்பரை அடித்தார். லைன் போகவில்லை. மறுபடி அடித்தார்.

மகள் என் இடுப்பில் இருந்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முன்பும் பார்ப்பாள். ஆனால் முன்பு, எல்லோரும் ஏன் நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். இப்போது அவளிடம் அந்தச் சத்தம் இருந்தது. அது என்ன, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற பார்வை. பாட்டியின் முகத்தைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், கடைசியில் என் முகத்துக்கு வந்தாள். நான் பார்க்கிறபடிதான் அவளும் அந்தச் சத்தத்தை இனிமேல் கேட்பாள் என்று எனக்குத் தெரிந்தது. சிரிப்பதா? சிரித்தால் அது பொய். பயத்தைக் காட்டுவதா? காது கொடுத்த கையோடு அதையும் கொடுப்பதா?

"ஹலோ, வாட்ச்மேன் அண்ணனா?" மாமியாரின் குரல் உயர்ந்தது. "அங்கன ஒண்ணுமில்லயே? எல்லாரும் நல்லாருக்காகளா?"

போனிலிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது. "இங்கன ஒண்ணுமில்லம்மா. கல்குவாரில வெடி வச்சிருக்காக. பயப்படாதீக. ஒங்க மக சாப்பிட்டுக்கிட்டிருக்கு."

மாமியார் போனை நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார். ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பாட்டு மறுபடி தொடங்கியது, மெதுவாகத்தான்.

மகள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையை எடுத்துச் சத்தம் வந்த பக்கம் நீட்டி, "வெடி" என்றேன். பயிற்சி டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி, உதடு தெரிய, நிதானமாக, அவள் முகத்துக்கு நேராக இன்னொரு தடவை சொன்னேன். அவள் என் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை சொல்லலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு அந்த மரத்தடியில் நின்றேன்.